துணைத்திட்ட நிதி நம்ம காலனிக்கு வந்து சேருதா, அதை யார் பாக்குறா?

செல்வி_வார்டு4
எல்லாருக்கும் வணக்கம். நான் கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு ஊராட்சில வார்டு மெம்பர். எங்க காலனில இருந்து சுடுகாட்டுக்குப் போற பாதை மழைன்னா முழங்கால் சேறு, பொணத்த தூக்கிட்டு வயக்காட்டு வரப்புல தான் போகணும், வயல்காரங்க சத்தம் போடுவாங்க. ஒவ்வொரு கிராம சபைலயும் இதைத் தீர்மானமா போடச் சொல்றேன், நோட்டுல எழுதுறாங்க, அப்புறம் கேட்டா "நிதி இல்லம்மா"ங்குறாங்க. போன மாசம் ஒரு கூட்டத்துல பேசின ஒருத்தர் சொன்னாரு, ஆதிதிராவிடர் துணைத்திட்டம்னு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான கோடி தனியா ஒதுக்குறாங்கன்னு. அப்படின்னா அந்தப் பணம் எங்க போகுது? எங்க ஊராட்சிக்கு எவ்ளோ வந்துச்சுன்னு பாக்க வழி இருக்கா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க, எனக்கு பட்ஜெட் கணக்கெல்லாம் படிச்சுப் பழக்கமில்ல.

கருவூலம்_ஓய்வு
அம்மா, நான் கணக்குத் துறைல பல வருஷம் பில் பாஸ் பண்ணவன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல இது எப்படி வந்துச்சுன்னு பாருங்க. 1974-75ல பழங்குடி துணைத்திட்டம் வந்துச்சு, 1979-80ல பட்டியல் சாதிகளுக்கு சிறப்புக் கூறுத் திட்டம் வந்துச்சு, அதைத் தான் பின்னாடி எஸ்சி துணைத்திட்டம்னு சொன்னாங்க. ரெண்டாவதை வடிவமைச்சவர் மத்திய உள்துறைல அப்ப இணைச் செயலரா இருந்த பி.எஸ்.கிருஷ்ணன் ஐஏஎஸ். 1980 மார்ச்ல இந்திரா காந்தி எல்லா முதல்வருக்கும் இதைச் செய்யச் சொல்லி கடிதமே எழுதினாங்க. கணக்கு ரொம்ப நேரடியானது, மொத்தத் திட்டச் செலவுல அந்த மக்களோட மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாம அவங்களுக்குன்னு ஒதுக்கணும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல எஸ்சி 20 சதவீதம், எஸ்டி 1.1 சதவீதம். இந்தியா முழுக்க எடுத்தா 16.6, 8.6.

இப்ப பணம் எங்கன்னு கேட்டீங்க. பட்ஜெட் புத்தகத்துல ஒவ்வொரு செலவுக்கும் ஒரு தலைப்பு எண் இருக்கும். அதுல நடுவுல 789னு வந்தா அது எஸ்சி துணைத்திட்டம், 796னு வந்தா பழங்குடி. ஆதிதிராவிடர் நலத்துறை மானியக் கோரிக்கைய மட்டும் பாத்துட்டு இவ்ளோதானான்னு நினைச்சுறாதீங்க, நெடுஞ்சாலை, மின்சாரம், வேளாண்மை, சுகாதாரம்னு எல்லாத் துறைக்குள்ளயும் 789 இருக்கும். பெரும்பகுதி பணம் அங்கதான் கிடக்குது.

சிக்கலும் அங்கதான். இதுல ரெண்டு வகை. ஒண்ணு நேரடிச் செலவு, விடுதி கட்டுறது, கல்வி உதவித்தொகை, தாட்கோங்குற ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகத்தோட கடன் மானியம், காலனிக்கு ரோடு, இதெல்லாம் யாருக்குப் போச்சுன்னு கை வெச்சு காட்டலாம். இன்னொண்ணு பங்கு பிரிச்சு எழுதுறது. ஒரு துறை பொதுவா நூறு கோடிக்கு ஒரு வேலை பண்ணும், அதுல இருபது கோடிய 789க்குக் கீழ எழுதிருவாங்க, ஏன்னா பயனடையுறவங்கள்ல இருபது சதவீதம் எஸ்சியா இருப்பாங்கன்னு ஒரு அனுமானம். அந்த இருபது கோடில ஒரு ரூபா கூட உங்க காலனித் தெருவுக்குள்ள வந்திருக்கணும்னு அவசியமே இல்ல, ஆனா துணைத்திட்டத்துல செலவாச்சுன்னு கணக்கு சரியா முடிஞ்சிரும். நான் எத்தனையோ மார்ச் மாசம் இதை கண்ணால பாத்திருக்கேன், மனசு ஒப்பாது.

நடுநிலை78
நான் ஒரு கேள்வி கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரோடு போட்டா எல்லாருமே தான் போறாங்க, ஆஸ்பத்திரி கட்டுனா எல்லாருக்கும் தான் வைத்தியம். அதுல இருபது சதவீதம் எஸ்சி மக்களுக்கும் சேருதுன்னு எழுதுறதுல என்ன தப்பு? அப்புறம் தமிழ்நாட்டுல வறுமை ரொம்பக் குறைஞ்சிருச்சே. நிதி ஆயோக் பல்பரிமாண வறுமைக் குறியீட்டுல 2015-16ல 4.76 சதவீதமா இருந்தது 2019-21ல 2.2 சதவீதம் ஆயிருச்சு. பொதுத் திட்டம் தான் இதைச் சாதிச்சுது, ரேஷன், சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம். தனியா ஒரு கணக்கு வெச்சு ஓட்டணுமான்னு எனக்கு நிஜமாவே சந்தேகம்.

விழுப்புரத்தான்
@நடுநிலை78 அண்ணே, கேள்வி நியாயமானது, பதில் சொல்றேன். ரோடு எல்லாருக்கும்னு சொல்றீங்க, எங்க மாவட்டத்துல ஊரு வேற காலனி வேற, நடுவுல வயலோ ஏரிக்கரையோ இருக்கும். தார் ரோடு ஊர் கோயில் வரைக்கும் வந்து நிக்கும், அங்கேர்ந்து காலனிக்கு கப்பி ரோடு. மேல்நிலைத் தொட்டி ஊருக்குள்ள நிக்கும், கடைசி குழாய் காலனில, அங்க தண்ணி காத்தா வரும். இதுக்கு யாரும் தனியா உத்தரவு போடுறதில்ல, எஸ்டிமேட் போடும்போதே தூரம் அதிகம்னு காலனிய விட்டுருவாங்க. நிதி எல்லாருக்கும் பொதுன்னு வெச்சா கடைசில நிக்கிறவங்களுக்கு மிச்சம் தான் கிடைக்கும், அந்த அனுபவத்துல தான் 1979ல தனியா பிரிச்சாங்க. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் எல்லாமே பொதுத் திட்டம் தானே நடந்துச்சு.

2.2 சதவீதம்ங்குறது சராசரி. அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு சாதிவாரியா, குடியிருப்புவாரியா பிரிச்சுப் பாத்தா தான் நிலைமை தெரியும். சராசரி நல்லாருக்குன்னா மிச்சம் இருக்குறவங்கள கண்டுபிடிச்சுப் போய்ச் சேருறது ஈஸியாகி இருக்கணும், அது ஏன் நடக்கலன்னு தான் நாம கேக்கணும். ரேஷனும் சத்துணவும் பெரிய சாதனை, நான் சத்துணவு சாப்ட்டு வளந்தவன். ஆனா பட்டா, நிலம், சுடுகாட்டுப் பாதை, மேல்படிப்பு இதெல்லாம் ரேஷன் கடையில கிடைக்காது.

பட்டா பத்தி ஒண்ணு. 1978ல ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்குறதுக்குன்னே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்டாங்க. அதுல எடுத்த நிலத்துல வீட்டுமனைப் பட்டா குடுப்பாங்க, மேடை போட்டு போட்டோ எடுப்பாங்க, செலவுக் கணக்குல ஏறிரும். ஆனா மனைய அளந்து கல்லு நட்டு "இதான் உன் இடம்"னு காட்டாம வருஷக்கணக்கா பேப்பரோட அலையுற குடும்பம் எத்தனை. எங்க சித்தி அப்படித்தான் பட்டாவ டிரங்குப் பெட்டில வெச்சிருக்காங்க. கண்காணிப்பு அறிக்கைல அது "முடிந்தது".

கோலார் மணி
கர்நாடகால இருந்து எழுதுறேன், கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பம். இங்க நிலைமை வேற மாதிரி, உங்களுக்கு உதவும்னு சொல்றேன்.

ஆந்திரா 2013ல துணைத்திட்டத்துக்கு தனிச் சட்டம் கொண்டாந்துச்சு, அதே வருஷம் கர்நாடகாவும் கொண்டாந்துச்சு. இங்க எஸ்சி எஸ்டி சேத்து 24.1 சதவீதம், அவ்ளோ ஒதுக்கணும்னு சட்டமே இருக்கு. ஆனா சட்டத்துக்குள்ளயே 7டின்னு ஒரு பிரிவு வெச்சிருந்தாங்க, பொதுவான கட்டமைப்பு வேலைல போட்ட காசையும் துணைத்திட்டத்துல செலவானதா கருதிக்கலாம்னு. பல வருஷம் பாலம், ரோடுன்னு அந்த வழில போச்சு. தலித் அமைப்புங்க போராடி 2023ல அந்தப் பிரிவ நீக்க வெச்சாங்க. சந்தோஷப்பட்டோம். அதே வருஷம் துணைத்திட்டத்துக்கு 34,000 கோடிக்கு மேல ஒதுக்குனாங்க, அதுல சுமார் 11,000 கோடி அஞ்சு உத்தரவாதத் திட்டங்களுக்குப் போச்சு, பெண்களுக்கு மாசம் 2,000 ரூபா, ஃப்ரீ பஸ், ஃப்ரீ கரண்ட்.

இதுல எங்க வீட்டுக்குள்ளயே சண்டை. எங்கம்மாவுக்கு மாசம் 2,000 வருது, அந்தக் காசுல தான் மாத்திரை வாங்குறாங்க, அது வேணாம்னு நான் எப்படி சொல்லுவேன். ஆனா என் தங்கச்சி கேக்குறா, பக்கத்து வீட்டு வேற சாதி அம்மாவுக்கும் அதே 2,000 வருது, அவங்களுக்கு அரசாங்கம் பொதுப் பணத்துல இருந்து குடுக்குது, நமக்கு மட்டும் நம்ம படிப்புக்கும் நிலத்துக்கும் வெச்ச பணத்துல இருந்து எடுத்துக் குடுக்குதுன்னா நமக்கு இதுல கூடுதலா என்ன கிடைச்சுதுன்னு. எனக்கு இதுக்கு பதில் இல்ல.

நடுநிலை78
@கோலார் மணி உங்க தங்கச்சி சொன்னது யோசிக்க வைக்குது. இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், கையில நேரா வர்ற 2,000 திருட்டுப் போகாது, கான்ட்ராக்டர் சாப்பிட முடியாது, அதே காசுல கட்டடம் கட்டுனா பாதி காணாமப் போகும். கண்காணிப்பு இல்லாத நாட்டுல நேரடிப் பணம் தான் ஏழைக்குப் பாதுகாப்புன்னு நான் நினைக்கிறேன். அது எந்தக் கணக்குல இருந்து வந்தா என்ன?

கருவூலம்_ஓய்வு
எந்தக் கணக்குங்குறது தான் முக்கியம் சார். துணைத்திட்டம் எதுக்கு வந்துச்சு? இடைவெளிய குறைக்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு குடுத்தா இடைவெளி அப்படியே இருக்கும். எல்லாருக்குமான திட்டத்துல இவங்களும் குடிமக்கள், அதுல பங்கு தானாவே உண்டு, அதைப் போயி தனி ஒதுக்கீட்டுல எழுதுனா தனி ஒதுக்கீடுன்னு ஒண்ணு இல்லாமயே போயிருது.

டில்லில நடந்தது ஞாபகம் இருக்கா? 2010 காமன்வெல்த் விளையாட்டுக்கு டில்லி அரசு எஸ்சி துணைத்திட்டத்துல இருந்து 744 கோடி திருப்பி விட்டுச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல வாங்குன பேப்பர்ல வெளிய வந்துச்சு. பாராளுமன்றத்துல சத்தம் கிளம்பி, ஆகஸ்ட்ல அப்ப உள்துறை அமைச்சரா இருந்த ப.சிதம்பரம் மாநிலங்களவைல திருப்பிவிட்டது தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. அத்தனை அடுக்கு அதிகாரிங்க, தணிக்கை, குழு எல்லாம் இருந்தும் அதைப் பிடிச்சது வெளிய இருந்து மனு போட்டவங்க.

அதே வருஷம் நரேந்திர ஜாதவ் தலைமைல திட்டக் கமிஷன் ஒரு குழு போட்டு, மத்திய அமைச்சகங்கள நாலு வகையா பிரிச்சு, எது எவ்ளோ சதவீதம் ஒதுக்கணும்னு வரையறுத்துச்சு. 2017-18ல திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவுன்னு பிரிக்கிறதையே எடுத்துட்டாங்க, கண்காணிக்கிற பொறுப்பு சமூக நீதி அமைச்சகத்துக்குப் போச்சு, ஆன்லைன் போர்ட்டல் வந்துச்சு. 2025-26 மத்திய பட்ஜெட்ல எஸ்சி மக்களுக்குன்னு அறிக்கை 10ஏ-ல காட்டுனது 1.68 லட்சம் கோடி. எண் பெரிசு. உள்ள போய் வரி வரியா பாத்தா உர மானியத்துல ஒரு பங்கு கூட அதுல இருக்கும். நிலமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு உர மானியம் எந்த வகைல போய்ச் சேரும்னு நீங்களே யோசிங்க.

மூணாம்வருசம்_பிஇ
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். நான் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்ல, அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கிற எஸ்சி பசங்களுக்கான உதவித்தொகைல படிக்கிறேன். 2020 டிசம்பர்ல இதை மத்திய அரசு 60 மாநிலம் 40ன்னு மாத்துனாங்க, அஞ்சு வருஷத்துக்கு மொத்தம் 59,000 கோடின்னு நியூஸ்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி மாநிலத்து மேல பெரிய சுமை விழுந்து பல மாநிலத்துல உதவித்தொகை நின்னு போற நிலைல இருந்துச்சுன்னு எங்க சீனியர் சொல்வாங்க, அதனால மாத்துனது நல்லது தான். ஆனா இப்ப நடைமுறை என்னன்னா மாநிலம் அதோட 40 சதவீதத்தைப் போட்டதுக்கு அப்புறம் தான் 60 வரும், அது நேரா ஸ்டூடன்ட் அக்கவுண்டுக்கு. லேட்டானா காலேஜ்ல எங்களத் தான் கேக்குறாங்க. எங்க காலேஜ்ல ஃபீஸ் கட்டாதவங்க பேர நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க, அதுல முக்கால்வாசி ஸ்காலர்ஷிப் பசங்க பேரு, பாத்த எல்லாருக்கும் யாரு எந்த சாதின்னு தெரிஞ்சு போச்சு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி அந்த வாரம் ஊருக்குப் போனவ திரும்பி வரல.

போர்ட்டல்ல என் அப்ளிகேஷன் "அப்ரூவ்டு"ன்னு தான் காட்டுது. மேல இருந்து பாக்குறவங்களுக்கு இது வெற்றிகரமான கேஸ். பணம் எந்த தேதில வந்துச்சு, ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி எது, இந்த ரெண்டையும் ஒண்ணா வெச்சு யாராவது கணக்கு பாக்குறாங்களா? அதைப் பாத்தாலே பாதி பிரச்சனை வெளிய தெரியும்.

ஆதிதிராவிடர் நல விடுதியும் அப்படித்தான். 2023ல உணவுப் படி ஸ்கூல் பசங்களுக்கு மாசம் 1,000ல இருந்து 1,400, காலேஜுக்கு 1,100ல இருந்து 1,500 ஆக்குனாங்க. நல்ல விஷயம், அதுக்கு நன்றி. ஆனா ஒரு நாளைக்கு அம்பது ரூபா, மூணு வேளை சாப்பாடு, விலைவாசி வருஷா வருஷம் ஏறுது, படி மட்டும் ஏன் அப்பப்ப போராடி ஏத்த வேண்டியிருக்கு? 2025 ஜூலைல சமூகநீதி விடுதின்னு பேரு மாத்துனாங்க, பேரு நல்லாருக்கு, எங்க ஹாஸ்டல் பாத்ரூம் கதவு இன்னும் மாத்தல.

செல்வி_வார்டு4
தம்பி, அந்தப் பொண்ணு மறுபடி காலேஜுக்கு வர வழி இருக்கா? எந்த மாவட்டம்னு தனிச் செய்தில சொல்லு, எனக்குத் தெரிஞ்சவங்க மூலமா ஆதிதிராவிடர் நல அலுவலர் கிட்ட பேசிப் பாக்குறேன்.

மூணாம்வருசம்_பிஇ
அனுப்பிட்டேன் அக்கா. ரொம்ப நன்றி.

ஜவ்வாது
பழங்குடி பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். தமிழ்நாட்டுல எஸ்டி 1.1 சதவீதம், சுமார் 7.95 லட்சம் பேர். துணைத்திட்டப் பணம் மொதல்ல இருந்தே மலைப் பகுதிய மையமா வெச்சு தான், ஜவ்வாது, கல்வராயன், கொல்லிமலை, ஏற்காடு, சித்தேரின்னு ஒருங்கிணைந்த பழங்குடி வளர்ச்சித் திட்டப் பகுதிகள். மலைல இருக்குற எங்களுக்கே பாதி ஊருக்கு ரோடு இல்ல, ஆம்புலன்ஸ் வராது, டோலி கட்டித் தூக்கிட்டு வர்றது இன்னும் நடக்குது. ஆனா அதைவிட மோசம் சமவெளில இருக்குற இருளர் நிலைமை. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம்னு ஏரிக்கரைல, செங்கல் சூளைல, அரிசி ஆலைல சிதறிக் கிடக்குறாங்க, அஞ்சு வீடு, எட்டு வீடுன்னு. அந்த மலைத் திட்டம் எதுவும் அவங்களத் தொடாது.

மக்கள்தொகை விகிதம்னு பேசுறோம், எந்த மக்கள்தொகை? இன்னும் 2011 கணக்குதான் ஓடுது, 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்ல, இப்ப 2027க்குப் போயிருச்சு. சூளைல வேலைக்குப் போயிருந்த குடும்பத்த 2011ல யாரு எண்ணுனா? சாதிச் சான்றிதழ் இல்லன்னா எந்தத் திட்டமும் இல்ல, சான்றிதழ் கேட்டா அப்பா சான்றிதழக் கொண்டாங்குறாங்க, அப்பாவுக்கு பிறப்புச் சான்றே கிடையாது.

2023 நவம்பர்ல பிஎம் ஜன்மன் ஆரம்பிச்சாங்க, ரொம்ப நலிவுற்ற பழங்குடிகளுக்குன்னு 24,104 கோடி, அதுல தமிழ்நாட்டுல தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பிரிவும் வருது. அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம், குடியிருப்பு வாரியா கணக்கு எடுக்கச் சொன்னது. பேரில்லாத குடியிருப்புக்கெல்லாம் பேரு எழுதுனாங்க. பட்டியல்ல வந்தப்புறம் "இந்தக் குடியிருப்புல கரண்ட் ஏன் இல்ல"ன்னு ஒரு கலெக்டர் கேக்க முடியுது. எண்ணப்படாதவங்களப் பத்தி கேள்வியே வராது. அதனால என் கருத்து, எவ்ளோ கோடி செலவுன்னு மட்டும் பாக்குற கண்காணிப்ப விட்டுட்டு, எந்தக் குடியிருப்புல என்ன இருக்கு என்ன இல்லன்னு பாக்குற கண்காணிப்புக்கு மாறணும்.

தணிக்கை_பாலு
ஜவ்வாது சொன்னதுக்கு மேல ஒண்ணு சேக்குறேன். நான் நூறு நாள் வேலைத் திட்ட சமூகத் தணிக்கைல வேலை பாத்தவன்.

வேலை உறுதிச் சட்டம் 2005ல வந்தப்போ அதோட 17வது பிரிவுல, கிராம சபை தான் வேலைய தணிக்கை பண்ணணும்னு போட்டாங்க. இது திடீர்னு வந்ததில்ல, 1994 டிசம்பர்ல ராஜஸ்தான்ல கோட் கிரானாங்குற ஊர்ல அருணா ராய் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன்ங்குற தொழிலாளர் விவசாயி அமைப்பு, ஊர் நடுவுல பஞ்சாயத்து மஸ்டர் ரோல, அதாவது வேலைக்கு வந்தவங்க பேரு, கூலிப் பட்டியல உரக்கப் படிச்சாங்க. செத்தவங்க பேருல எல்லாம் கூலி எடுத்திருந்துச்சு, பேரு படிக்கப் படிக்க ஜனங்க எழுந்திரிச்சு நான் அந்த வேலைக்கே போகலன்னு சொன்னாங்க. தகவல் உரிமைச் சட்டத்துக்கே அங்கதான் விதை. அப்புறம் ஆந்திரால அதை அரசாங்கமே எடுத்து, 2009ல தனிச் சங்கமாவே பதிவு பண்ணி நடத்துனாங்க. 2013ல தமிழ்நாட்டுலயும் சமூகத் தணிக்கைச் சங்கம் வந்துச்சு.

நாங்க ஒரு ஊராட்சிக்குப் போனா வீடு வீடா போயி வேலை அட்டையையும் ஆன்லைன் கணக்கையும் ஒத்துப் பாப்போம், வேலை நடந்த எடத்த டேப் வெச்சு அளப்போம், கடைசில கிராம சபைல படிப்போம். இதுல வர்ற உண்மை எந்த ஆபீஸ் ரிப்போர்ட்லயும் வராது. ஒரு பாட்டி எந்திரிச்சு "இந்த வரப்பு போன வருஷமே இருந்துச்சு"ன்னு சொன்னா முடிஞ்சுது.

ஆனா இதுக்கு அப்புறம் என்ன நடக்குதுங்குறது தான் வேதனை. 2017-18ல இருந்து 2020-21 வரைக்கும் நாலு வருஷத்துல நாடு முழுக்க சமூகத் தணிக்கைல கண்டுபிடிச்ச முறைகேடு 935 கோடி, திரும்ப வசூல் பண்ணது 12.5 கோடி. கண்டுபிடிச்ச முறைகேடுல தமிழ்நாட்டுல மட்டும் 245 கோடி. சில பேரு இதைப் பாத்து தமிழ்நாட்டுல தான் ஊழல் அதிகம்பாங்க, அப்படி இல்ல, இங்க அநேகமா எல்லா ஊராட்சிலயும் தணிக்கை நடந்துச்சு, அதனால வெளிய வந்துச்சு. தணிக்கையே நடத்தாத எடத்துல எண் சின்னதா தான் இருக்கும். கண்டுபிடிக்கிறவனுக்கு வசூல் பண்ற அதிகாரம் இல்ல, அதிகாரம் இருக்குறவங்க அதே துறைல உக்காந்திருக்காங்க.

2025 டிசம்பர்ல அந்தச் சட்டத்தையே மாத்தி 125 நாள்னு புதுச் சட்டம் கொண்டாந்தாச்சு, கூலிச் செலவுல இனி மாநிலமும் 40 சதவீதம் போடணும். அதைப் பத்தி தனி இழைல பேசலாம். நான் சொல்ல வர்றது, துணைத்திட்டத்துக்கு இந்த மாதிரி மக்கள் முன்னாடி படிக்கிற தணிக்கை கிடையாது. பயன்பாட்டுச் சான்றிதழ் ஒண்ணு தான். அதுல எவ்ளோ தொகை, எந்த வருஷம், செலவாச்சுன்னு ஒரு அதிகாரி கையெழுத்து இருக்கும். எந்தத் தெருங்குறது இருக்காது.

நடுநிலை78
சரி, எனக்கு ஒரு பயம் இருக்கு, அதையும் கேளுங்க. குடியிருப்பு வாரியா, பேரு வாரியா எல்லாத்தையும் வெளிய போட்டா அந்தத் தம்பிக்கு காலேஜ்ல நடந்தது தானே ஊரு முழுக்க நடக்கும்? யாரு எந்தச் சாதி, யாரு மானியம் வாங்குனான்னு இணையத்துல போட்டா அதை வெச்சு அவமானப்படுத்துறவங்களும் இருக்காங்க. வெளிப்படைத்தன்மைன்னு சொல்லி ஏழைய அம்மணமா நிக்க வைக்கக் கூடாது.

தணிக்கை_பாலு
இது முக்கியமான கேள்வி சார், நீங்க கேட்டது நல்லதுக்கு தான். என் அனுபவத்துல ரோடு, தண்ணி, விளக்கு, சுடுகாடு மாதிரி பொது வேலைய குடியிருப்பு பேரோட போடணும், அதுல யாருக்கும் அவமானம் இல்ல. காலனி எங்க இருக்குன்னு ஊருக்கே தெரியும். உதவித்தொகை, கடன் மாதிரி ஆளுக்குப் போறத எண்ணிக்கையாவும் தேதியாவும் போட்டா போதும், பேரு வேணாம். கணக்கு கேக்க வேண்டியது குடுத்தவன் கிட்ட, வாங்குனவன் கிட்ட இல்ல.

விழுப்புரத்தான்
கர்நாடகா சட்டத்தைப் பத்தி மணி சொன்னாருல்ல. தமிழ்நாட்டுலயும் 2024ல ஆதிதிராவிடர் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு, அதாவது இந்தத் துணைத்திட்டத்துக்கு சட்டம் வந்துருச்சு, மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாம ஒதுக்கணும்னு. பல வருஷக் கோரிக்கை, வந்தது பெரிய விஷயம் தான், இதுக்காக அலைஞ்சவங்க பல பேரை எனக்குத் தெரியும். அதோட 2023-24ல அயோத்திதாச பண்டிதர் பேர்ல குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம், அஞ்சு வருஷத்துக்கு 1,000 கோடின்னு அறிவிச்சாங்க. செல்வி அக்கா கேட்ட சுடுகாட்டுப் பாதை மாதிரி வேலைக்கு அதுல கேட்டுப் பாக்கலாம்.

ஆனா தெலங்கானாவ ஒரு விஷயத்துல பாக்கணும். அவங்க 2017 சட்டத்துல, ஒரு வருஷம் செலவு பண்ணாம விட்ட தொகைய அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகணும்னு போட்டாங்க. எல்லா எடத்துலயும் நடக்குறது என்ன, ஏப்ரல்ல ஒதுக்குவாங்க, ஆணை வர ஆகஸ்ட், டெண்டர் நவம்பர், ஜனவரில நிலம் பிரச்சனைன்னு நிக்கும், மார்ச் கடைசில செலவாகலன்னு சரண்டர், அதாவது திருப்பி ஒப்படைச்சிருவாங்க. அந்தக் காசு பொதுக் கணக்குல கரைஞ்சிரும். கரையாதுன்னு ஆயிட்டா வேலைய இழுத்தடிக்கிறதுல யாருக்கும் லாபம் இல்ல. தெலங்கானால அது முழுசா நடைமுறைல நடக்குதான்னா அங்கயும் போராட்டம் ஓடிட்டுத்தான் இருக்கு, ஆனா கேக்குறதுக்கு கையில ஒரு பிரிவு இருக்கு.

கோலார் மணி
7டி எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது இது தான், சட்டத்துல "பொதுச் செலவையும் கருதிக்கொள்ளலாம்"ங்குற மாதிரி ஒரு வரி எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு மொதல்ல பாருங்க. விதிகள் வரும்போது அந்த ஓட்டை திரும்பி வரும். அரசு ஆணைய ஒண்ணு விடாம படிக்க ஒரு வக்கீல் குரூப் வெச்சுக்கோங்க, இங்க நாங்க அப்படித்தான் பண்றோம்.

செல்வி_வார்டு4
எல்லாரும் சொன்னத ரெண்டு தடவ படிச்சேன், எங்க வீட்டுக்காரரையும் படிக்க வெச்சேன். இப்ப நான் செய்ய வேண்டியது என்ன? மனுல என்ன எழுதணும்னு யாராவது எழுதிக் குடுத்தீங்கன்னா அப்படியே எழுதிக்குவேன்.

கருவூலம்_ஓய்வு
எழுதிக்கோங்கம்மா. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)ன்னு மேல போட்டு, பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றியப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "துணைத்திட்டத்துல எவ்ளோ செலவு"ன்னு பொதுவா கேக்காதீங்க, அந்தத் தகவல் எங்ககிட்ட இல்லன்னு ஒரே வரில முடிச்சிருவாங்க. இப்படிக் கேளுங்க: கடந்த அஞ்சு நிதியாண்டுல எங்க ஊராட்சில 789 சிறுதலைப்புக்குக் கீழ எடுக்கப்பட்ட ஒவ்வொரு வேலையோட பேரு, நிர்வாக அனுமதி எண், தேதி, மதிப்பீடு, எந்தக் குடியிருப்பு எந்தத் தெரு, முடிஞ்ச தேதி, பணம் குடுத்த தேதி. அதோட அளவுப் புத்தகத்தோட நகல். அளவுப் புத்தகம் தான் முக்கியம், அதுல எங்க இருந்து எங்க வரைக்கும் அளந்தாங்கன்னு இருக்கும். கையில வாங்கிட்டு நேரா அந்த எடத்துல போய் நின்னு பாத்துரலாம். முப்பது நாள்ல பதில் வரலன்னா 19(1)ல முதல் மேல்முறையீடு, அதுக்கு ஃபீஸ் கிடையாது.

இதே மாதிரி இன்னொண்ணு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு. உங்க ஒன்றியத்துல எந்தெந்தக் குடியிருப்புல சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு நிலுவைல இருக்கு, எந்த தேதில இருந்துன்னு.

தணிக்கை_பாலு
பதில் வந்ததும் கிராம சபைல படிங்க அக்கா. இப்ப வருஷத்துக்கு ஆறு சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்த நோட்டுல எழுதுனதும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பின்னாடி வரி சேத்துட்டாங்க, அடிச்சிட்டாங்கன்னு பேச்சு வராது.

செல்வி_வார்டு4
சரிங்க. இன்னும் ஒண்ணு, ஜவ்வாது அண்ணன் சொன்னப்புறம் தான் யோசிச்சேன், எங்க ஏரிக்கரைல ஆறு இருளர் வீடு இருக்கு, அவங்க எந்தப் பட்டியல்லயும் இருக்குறதா தெரியல. அவங்களுக்கும் இதே மனுல சேத்து கேக்கவா, தனியா போடவா?

ஜவ்வாது
தனியா போடுங்க அக்கா, அவங்களுக்கு தலைப்பு 796. ஒரே மனுல போட்டா ரெண்டு துறைக்கு அனுப்பி வைக்கிறோம்னு சுத்த விடுவாங்க. மனுவுக்கு முன்னாடி அந்த ஆறு வீட்டுலயும் யாருகிட்டயாவது சாதிச் சான்றிதழ் இருக்கான்னு பாருங்க, ஒருத்தர்கிட்ட இருந்தாலும் போதும், அந்த ரத்த உறவ வெச்சு மத்தவங்களுக்கு கோட்டாட்சியர் கிட்ட கேக்கலாம். யாருகிட்டயும் இல்லன்னா எனக்கு எழுதுங்க, அதுக்கு வேற வழில போகணும், நானும் நேர்ல வர்றேன்.